36 மாதத்தோடு நின்றுபோகும் அனுபவம்

மேலாண்மை படிக்க வயது ஒரு தடையில்லை என்கிறார்கள். விதிப்படி உண்மைதான். ஐஐஎம்கள் நடத்தும் கேட் தேர்வுக்கு உச்ச வயது கிடையாது. பட்டப்படிப்பில் 50 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45 விழுக்காடு இருந்தால் எழுதலாம். பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு.

இதை ஜவ்வாது மலையிலிருந்து பார்ப்போம். அங்கே பட்டம் வாங்கும் மலையாளிப் பழங்குடி இளைஞர்கள் பலர், வீட்டின் முதல் பட்டதாரிகள். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதம், மலையில் புளி உலுக்கும் காலம். அப்படியொரு வீட்டிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கிப் பட்டம் முடித்து, பத்தாண்டு வேலை பார்த்துத் தங்கை தம்பியைக் கரையேற்றிய ஒருவர் 32 வயதில் கேட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பகுதிகளில் ஒன்று முழுக்க ஆங்கிலம். அதையும் தாண்டி நல்ல பெர்சன்டைல் எடுத்துவிடுகிறார்.

அத்தோடு முடிவதில்லை. அகமதாபாத், பெங்களூரு போன்ற பழைய ஐஐஎம்கள் நேர்முகத்துக்கு அழைக்கும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் கூட்டிக்கொள்கின்றன. பதினைந்து வயதில் எழுதிய தேர்வு 32 வயதிலும் துரத்துகிறது. சரி, அனுபவத்துக்கு மதிப்பெண் உண்டே என்றால், பெங்களூருவின் கணக்கில் அது 36 மாதத்தோடு நின்றுவிடும். மீதி ஏழாண்டு உழைப்புக்கு மதிப்பு பூஜ்யம். பள்ளி மதிப்பெண்ணுக்குக் காலாவதி இல்லை, உழைப்புக்கு மட்டும் உண்டு. இதற்குப் பெயர் தகுதி, திறமை!

பழங்குடிப் பட்டியலுக்குள்ளும் இதே சூத்திரம்தான் வரிசைப்படுத்துகிறது. உடனே 'கிரீமி லேயர்' என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம். கோளாறு ஒதுக்கீட்டில் இல்லை, சூத்திரத்தில் இருக்கிறது.

அனுபவசாலிகளுக்கென்று தனிப் படிப்பு இருக்கிறதே என்பார்கள். அகமதாபாத்தின் ஓராண்டுப் படிப்புக்குக் கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டும். அதற்கான ஜிமேட் தேர்வை எழுதவே 20 ஆயிரத்துக்கு மேல் வேண்டும். வேலையை விட்டுவிட்டு வேறு போக வேண்டும். போளூர் சந்தையில் புளி மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

வேறு மாதிரித் தேர்வு சாத்தியமே இல்லையா? ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், பிள்ளை பெற்ற சில நாட்களில் சென்னை சென்று சிவில் நீதிபதித் தேர்வை எழுதினார், 2024இல் தேர்வானார். சட்டப் பட்டம், எழுத்துத் தேர்வு, நேர்முகம் ஆகியவற்றைத்தான் அங்கே பார்த்தார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கூட்டிக் கழிக்கவில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையும் இருந்தது. நீதிபதியைத் தேர்ந்தெடுக்கப் போதுமான முறை மேலாளருக்குப் போதாதா?

மலைக்கும் மேலாளர்கள் தேவை. சாமை, புளி, தேன் மூன்றும் மலையில் விளைகின்றன. விலை கீழே நிர்ணயமாகிறது. வேலை கிடைக்காமல் ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டப் போனவர்களில் 20 தமிழர்கள் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த மலையைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

ஐந்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குப் பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். 36 மாத உச்சவரம்பை எடுக்க வேண்டும். ஐஐஎம் சட்டம் 2017 தந்த தன்னாட்சியை வைத்து, நிறுவனங்களே இதைச் செய்யலாம். தமிழ்நாட்டில் திருச்சி ஐஐஎம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கட்டும்.