மம்பட்டி செய்யாத குற்றம்

கரவனெல்ல பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் பரிசளிப்பு விழா என்றால் ஒரு வாசகம் கட்டாயம் உண்டு. மேடையேறும் ஆள் மாறுவார், வாசகம் மாறாது: "மம்பட்டி பிடிச்சது எங்களோட போகட்டும், புள்ளைங்க புத்தகத்தைப் பிடிக்கட்டும்." கைதட்டல் எழும். மறு தவணையில் பின்வளவில் பிள்ளைகள் போட்ட கீரைப்பாத்தி புல் மண்டிக் கிடக்கும். பாட்டி, தாத்தாவை வகுப்புக்குக் கூப்பிட்டுக் கதை கேட்பதும் நின்றுபோகும். பல வருடமாக இந்தப் பேச்சு என்னை எரிச்சல்படுத்துகிறது.

பாத்தி கட்டிப் பழகினால் பிள்ளை கூலியாகிவிடும் என்கிறார்கள். நம்மைக் கூலியாக வைத்திருந்தது மம்பட்டியா? 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. கிடைத்ததோ ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எழுத்துக்கூட்டல், வாய்ப்பாடு. ஐந்தாம் வகுப்போடு கதவு மூடியது. பிள்ளை, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனது. அரசாங்கம் அந்தப் பள்ளிகளைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். ஆக, நம் முன்னோர் புத்தகம் பிடிக்காமல் கெடவில்லை. புத்தகத்தை ஒப்பித்துவிட்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றார்கள்.

இந்த மலைச்சரிவில் பாத்தி கட்டுவது என்ன பாடம் என்று பேச்சாளர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். சரிவோடு மேலிருந்து கீழாகப் பாத்தி இழுத்த பிள்ளைகள், பின்னேர மழை ஒன்று கொட்டியதும் பயிற்றை விதையை வடிகானில் தேடுவார்கள். குறுக்காகக் கட்டியவர்களின் பாத்தி அப்படியே நிற்கும். ஏன் என்று பிள்ளையே கேட்கிறது. றப்பர் மலையில் ஏன் படிபடியாக வெட்டி நட்டிருக்கிறார்கள், கன்றுகளுக்கு நடுவில் ஏன் கொடி படரவிட்டிருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வருகிறது. இதே தோட்டவேலையைக் கொழும்பில் பெரிய பாடசாலைகள் செய்தால் படம் பிடித்துப் பெருமையாகப் போடுகிறார்கள். நம் பிள்ளைகள் செய்தால் மட்டும் அவமானமா?

கதையால் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி வராதாம். கதை கேட்டு வளராத பிள்ளைக்கு வினாத்தாளில் வரும் பந்தியே புரியாது. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

என்னால் பொறுக்கவே முடியாத வாதம் இன்னொன்று: "பழைய கஷ்டத்தைச் சொல்லிப் புள்ளைங்க மனசக் கெடுக்காதீங்க."

நம் குடும்பக் கதையை நம்மிடம் முதலில் கேட்டது பள்ளிக்கூடம் அல்ல, சட்டம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்தவரிடமே, தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததற்கு. லயத்து அறையில் பிறந்து, பதியப்படாமலே வளர்ந்தவர்கள் எதைக் காட்டுவார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அக்கா கூடலூரில், தங்கை யட்டியாந்தோட்டையில் என்று குடும்பங்கள் பிரிந்தன. மிச்சமிருந்த நாடற்றோர் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த வருடம் பிறந்தார் என்று கேட்டு எழுதிவரும் நான்காம் தரப் பிள்ளை வரலாறும் படிக்கிறது, கணக்கும் போடுகிறது, தன் உரிமை எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்கிறது. இதைக் கேட்டு அந்த மனம் கெடாது. சொல்லாமல் மறைத்தால்தான், லயத்தில் பிறந்தது ஏதோ தன் குடும்பத்தின் குறை என்று நினைத்துக்கொள்ளும்.

அந்தக் கதைகளில் உயிர் காக்கும் அறிவும் உண்டு. ஒரு வகுப்பில், வீட்டில் கேட்டதைச் சொல்லச் சொன்னபோது ஒரு சின்னப்பிள்ளை எழுந்து, "எங்க அம்மாயி சொல்லுச்சு சார், லயத்துக்குப் பின்னால ஊத்துத்தண்ணி திடீர்னு கலங்கி வந்தா அன்னைக்கு ராத்திரி அங்க படுக்கக் கூடாதாம்" என்றது. கலங்கிய ஊற்று, புதிதாக வெடித்த நிலம், சாயத் தொடங்கிய மரம் ஆகியவற்றைத்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மண்சரிவுக்கு அறிகுறியாகச் சொல்கிறது. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயக் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. நம் கேகாலை மாவட்டத்தில், நமக்குப் பக்கத்தில் நடந்தது இது. அந்த அம்மாயியின் பேச்சை வகுப்பில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் லயத்துப் பின்பக்க வடிகானைப் பார்க்க வைப்பதைவிட முக்கியமான பாடம் இந்த மலையில் எது?

நேரம் இல்லை என்பார்கள். 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை ஒரு பாடமாகவே வைத்தது. நேரசூசியில் அதற்கு இடம் இருக்கிறது. அந்தப் பாடவேளையைத்தான் கடந்தகால வினாத்தாள் தின்கிறது. அடுத்த பரிசளிப்புக்கு வருகிறவர்கள் மம்பட்டியை விட்டுவிட்டு, அந்தப் பாடவேளையை யார் எடுத்தார்கள் என்று மேடையில் கேட்கட்டும்.