குடத்துக்கு ரசீது இல்லை

வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் சமநிலை வேண்டும் என்று கருத்தரங்குகளில் யாராவது தொடங்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. தராசைப் பிடித்திருப்பவர் யார், தட்டில் எதை வைத்தார் என்று அவர்கள் சொல்வதே இல்லை.

பாலாற்றைப் பாருங்கள். தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக ஏற்ற புகழ்பெற்ற தீர்ப்பு. மாணவிகளை அதை முழுசாகப் படிக்கச் சொல்வேன். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், கெட்டுப்போன விளைநிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்று எண்கள் வரும். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 பாழானதும் வரும். அதையடுத்து ஒரே ஒரு வாக்கியம், பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடப்பதைப் பற்றி. எத்தனை மைல், நாளைக்கு எத்தனை நடை, எத்தனை வருஷம்? இதற்கு எண் இல்லை.

நிலத்துக்குப் பட்டா உண்டு. தோலுக்கு ஏற்றுமதி ரசீது உண்டு. இடுப்புக் குடத்துக்கு என்ன இருக்கிறது? பின்னால் வந்த இழப்பீட்டுப் பேச்சும் பாழான நிலத்தைச் சுற்றியே போனது. (பட்டா யார் பெயரில் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.)

"ஆலையை மூடினால் ஆம்பூர்ப் பெண்களுக்கு யார் வேலை தருவது?" என்று உடனே மடக்குவார்கள். பெண்களின் கூலி குறித்து வேறெப்போதும் கவலைப்படாதவர்கள் கேட்கும் கேள்வி இது. ஷூ கம்பெனிக்குப் போகிறவளும், ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்கி வீட்டுத் திண்ணையில் தைக்கிறவளும், தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறவளும் ஒருத்தியாகவே இருக்கலாம். அவளை இரண்டாக வெட்டித் தட்டுக்கொரு துண்டு வைத்துவிட்டுச் சமநிலை என்கிறார்கள்.

நான் ஆலையை மூடச் சொல்லவில்லை. தோலின் விலையில் அவளுடைய நடையைச் சேர்க்கச் சொல்கிறேன். அந்நியச் செலாவணியில் ஒரு பங்கை அவள் இத்தனை காலம் இலவசமாகச் சுமந்திருக்கிறாள். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைக் கொடுங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. 1996இல் குடம் தூக்கிய பத்து வயதுக்காரிக்கு அப்போது நாற்பதை நெருங்கியிருக்கும்.

இந்த ஆண்டு வகுப்பில் கட்டுரைக்குப் பதில் ஒரு கணக்கு கேட்டிருக்கிறேன்: உங்கள் தெருவில் தண்ணீருக்கு யார் போகிறார், எத்தனை தடவை, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்.