பத்து விநாடியில என்னத்தப் படிப்பீங்க?

ரொம்ப நாளா மனசுல கிடந்த கடுப்பு மக்களே, இன்னிக்குக் கொட்டிடறேன்.

கூகுள் அனலிட்டிக்ஸ் 2005-ல் வந்தது. காலையில் காபிக்கு முன்னாடி அதைத் திறந்து பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். அதில் 'பவுன்ஸ் ரேட்'னு ஒண்ணு. என் பக்கத்துக்கு எப்பவும் எண்பதுக்கு மேலதான். நூறு பேர் வந்தா எண்பது பேர் வந்த வேகத்துல ஓடிட்டாங்கன்னு நொந்து போவேன்.

விஷயம் அது இல்லை சாமி. அந்தப் பழைய முறையில், அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்திலிருந்து இந்தப் பக்கத்தைத் திறந்த நேரத்தைக் கழிப்பாங்க. அதுதான் நீங்க படிச்ச நேரம். அடுத்த பக்கமே திறக்கலைன்னா? கழிக்க ஒண்ணும் இல்லை. ஆக, இருபது நிமிஷம் வரிவரியா படிச்சு, மனசு நிறைஞ்சு மூடிட்டுப் போனவருக்கு 0 விநாடி. கூடவே 'பவுன்ஸ்' முத்திரை! தேடினது கிடைக்காம நாலு பக்கம் சொடுக்கிச் சலிச்சவர் நல்ல வாசகர். என்ன நியாயம்யா இது?

2023 ஜூலை 1-லிருந்து அந்தப் பழசு புதுக் கணக்கு எழுதறதை நிறுத்திடுச்சு. இப்போ ஜிஏ4. நாமா மாத்தி வைக்கலைன்னா, பக்கம் 10 விநாடிக்கு மேல கண்ணு முன்னால இருந்தாலோ, ரெண்டு பக்கம் பார்த்தாலோ, நாம முக்கியம்னு குறிச்சு வச்ச காரியத்தைச் செய்தாலோ அவர் 'ஈடுபாடு' உள்ளவர். மத்தவங்கதான் பவுன்ஸ். பத்து விநாடியில் முதல் பத்தியே தாண்டாது! திறந்து வச்சுட்டு குக்கர் விசிலுக்கு எழுந்து போனவரும் இதுல சேர்த்தி. அப்போ அநியாயமா தள்ளினாங்க, இப்போ தாராளமா அள்ளுறாங்க. படிச்சாரா இல்லையா என்பது மட்டும் ரெண்டுலயும் தெரியாது.

பொருள் விக்கிறவங்களுக்கு இது வேணும், ஒத்துக்கறேன். காசு கட்டாம எந்த இடத்துல திரும்பிப் போறாங்கன்னு தெரியணும்ல? எழுதறவனுக்கு எதுக்கு?

அந்த எண்பதைக் குறைக்க நான் செஞ்ச கூத்தைக் கேளுங்க. நீளமான கட்டுரை ஒண்ணை மூணு பக்கமா வெட்டினேன். எண் சரசரன்னு இறங்கிச்சு. வருஷக்கணக்கா படிக்கிற பெரியவர் ஒருத்தர் மடல் போட்டார்: "தம்பி, இங்க இணைப்பு ரொம்ப மெதுவு. ரெண்டாம் பக்கம் வரதுக்குள்ள கரண்ட் போயிடுது. பாதியில விட்டுட்டேன்."

சுருக்குனு இருந்தது. எண்ணைச் சம்பாதிக்க ஆளை விட்டிருக்கேன். அன்னிக்கே மூணையும் ஒட்டி வச்சேன்.

எண்ணைப் பார்த்து எழுதாதீங்க மக்களே. அந்த ஒரு மடலுக்கு எழுதுங்க.

டிஸ்கி: படிச்சு முடிச்சாச்சா? வேற எதையும் சொடுக்காம மூடிட்டுப் போங்க. சந்தோஷம்தான் :-)