நகைப்பும் நையாண்டியும்

பாரிஸ் நகரின் உணவகமொன்றில் நாம் கோப்பை கழுவிய காலம் அது. ஊரில் பதினேழு ஆண்டுகள் வெண்கட்டி பிடித்த கை, இங்கே நள்ளிரவு வரை கொதிநீரில் ஊறிற்று. தலைமைச் சமையற்காரர் நிமிடத்துக்கொரு தரம் ‘வித், வித்’ என்று அதட்டுவார். பிரெஞ்சு மொழியில் ‘விரைவாக’ என்பது அதன் பொருள். ஓரிரவு எம்மருகே நின்ற இளைஞர், தட்டிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்: “காணியும் வித்தாச்சு, அம்மான்ரை தாலிக்கொடியும் வித்தாச்சு. இனி என்னத்தை விக்கச் சொல்லி இந்தாள் நிக்குது, மாஸ்ரர்?”

சிரித்ததில் எமது கையிலிருந்த தட்டு நழுவி உடைந்தது. வேலை குறையவில்லை, ஊதியமும் கூடவில்லை. ஆயினும் அன்று தொட்டு அந்த அதட்டல் எம்மைச் சுடவில்லை. (முதலாளிமார் இதைக் கேட்டு மகிழ வேண்டா. மிகைநேர வேலைக்குரிய கூலியைப் பகிடியால் ஈடுசெய்ய முடியாது. அதைக் கேட்டே பெறவேண்டும்.)

வேலையோடு நகையைச் சேர்ப்பது எமக்குப் புதிதன்று. துலா மிதித்தோரும் அருவி வெட்டினோரும் பாட்டோடும் பரிகாசத்தோடுமே பாடுபட்டனர். இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ 1976இல் திரைப்படமாகவே வந்தது. சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ இதழின் சவாரித்தம்பரை அறியாத வீடு குறைவு.

இத்தகைய நாம், இன்று எம் வீட்டுக் கூடத்தில் எதற்காகச் சிரிக்கின்றோம்? புதிதாய் வந்தவரின் பிரெஞ்சுக்காக, மனைவியின் அச்சத்துக்காக, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளின் தமிழுக்காக. ஆறு வயதான எம் பேரன் ஒருநாள் விருந்தினரிடம், “அம்மம்மா கடைக்குப் போனான்” என்றான். கூடம் அதிர்ந்தது. இன்னொரு தரம் சொல்லச்சொல்லிச் சிரித்தனர். நாமும் சிரித்தோம், மறைப்பதற்கில்லை. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு அவன் எம்மோடு பிரெஞ்சிலேயே பேசினான். தமிழிற் கேட்டால் தோளைக் குலுக்குவான்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்து, அது பிறக்குமிடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைக் கூறினார். வகுப்பறையில் இதை எத்தனை முறை படிப்பித்தோம்! பிள்ளை தந்தது இளமையிற் பிறக்கும் நகை. நாம் திருப்பிக் கொடுத்ததோ எள்ளல். சிரிக்கின்றவர் காதுக்கு இரண்டும் ஒன்றே. பிள்ளையின் காதுக்கு அல்ல.

அவனை மீட்டுத் தந்தது ஒரு மின்கட்டணச் சிட்டை. 97 யூரோ. பிரெஞ்சில் 97 என்பது ‘நான்கு இருபது பத்து ஏழு’. “கடைக்குப் போனால் பெருக்கிக் கூட்டித்தான் காசு கொடுக்க வேண்டுமா?” என்று நாம் தலையிற் கைவைத்தபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். பெல்ஜியத்தில் தொண்ணூறுக்கு ‘நொனாந்த்’ என ஒரே சொல் இருக்கின்றது, அங்கே போய்விடுவோமா என்றோம். இன்னும் சிரித்தான். பின்பு எம் தமிழையும் இழுத்தோம்: நூறு வருவதற்கு முன்பே தொண்ணூறுக்குள் ‘நூறு’ வந்து குந்தியிருப்பதைக் காட்டினோம். சற்று யோசித்தவன், “தொள்ளாயிரத்துக்குள்ள ஆயிரம் நிக்கிறான்!” என்று கத்தினான். தமிழிற் கத்தினான். அந்த ‘நிக்கிறான்’ என்பதை நாம் திருத்தவில்லை.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டு வேளையில், பகலிற் பிரெஞ்சில் விட்ட பிழையைச் சொல்லும் முறை வைத்துள்ளோம். மூத்தவரே முதலிற் சொல்லவேண்டும். எமக்கோ பிழைக்குப் பஞ்சமில்லை. ‘மேலே’, ‘கீழே’ எனப் பொருள்படும் இரு பிரெஞ்சுச் சொற்களும் எம் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பேரன் எம் உதட்டைப் பிடித்துக் குவித்துப் பாடம் நடத்துகின்றான். ஆசிரியத் தொழிலில் எம்மினும் கண்டிப்பானவன். அம்மம்மாவும் இப்போது வங்கியிலும் வைத்தியரிடமும் தாம் தடுமாறியவற்றைச் சொல்லத் தொடங்கியுள்ளார். முன்னர் அவற்றை மனத்துள் வைத்து அழுதிருக்கின்றார் என்பது எமக்கே தெரியாதிருந்தது.

கோப்பை கழுவிய கதையையும் அவனுக்குச் சொன்னோம். இப்போது பாடசாலைக்குப் பிந்தும் காலைகளில் ‘வித், வித்’ என்று அவனை விரட்டினால், ஒற்றைச் சப்பாத்தைத் தூக்கிக் காட்டி, “இதை விக்கவா, அம்மப்பா?” என்கின்றான்.