லினக்ஸ்: அப்கிரேடு செய்வதா, அழித்துவிட்டுப் போடுவதா?

விண்டோஸ் இழுத்துக்கொண்டு நின்ற பழைய கணினியில், விவரம் தெரிந்த யாரோ உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஐந்தாறு வருடமாக அதுவும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென ஒருநாள், 'இந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது' என்று திரையில் ஓர் அறிவிப்பு. இப்போது என்ன செய்வது? இருப்பதன் மேலேயே புதிய பதிப்புக்கு அப்கிரேடு செய்வதா? மொத்தத்தையும் அழித்துவிட்டு கிளீன் இன்ஸ்டால் செய்வதா?

லினக்ஸ் பயன்படுத்துபவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள், மீதிப் பேர் அதைச் சொல்வார்கள். உண்மையில் பதில் அந்தக் கணினியிலேயே இருக்கிறது.

எத்தனை படி பின்தங்கியிருக்கிறது?

முதலில் செட்டிங்ஸில் உள்ள 'அபவுட்' பகுதியைத் திறந்து பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். 22.04 என்றால் 2022 ஏப்ரலில் வெளியானது என்று பொருள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருபவை 'எல்.டி.எஸ்' பதிப்புகள். இவற்றுக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 18.04-க்கு 2023-லும் 20.04-க்கு 2025-லும் இந்தக் காலம் முடிந்துவிட்டது. 22.04-க்கு 2027 வரை இருக்கிறது.

அப்கிரேடு செய்யும்போது ஒரு எல்.டி.எஸ்ஸிலிருந்து அடுத்த எல்.டி.எஸ்ஸுக்குத்தான் போக முடியும், நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. 22.04-ல் இருப்பவர் 24.04-க்குப் போக ஒரே படி. 18.04-ல் இருப்பவரோ 20.04, 22.04, 24.04 என்று மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டவுன்லோடு, தனித்தனிக் காத்திருப்பு. நடுவில் மின்சாரம் போனால் பாதி பழசு, பாதி புதுசு என்று கணினி அந்தரத்தில் நின்றுவிடலாம்.

ஆகவே, ஒரு படிதான் பாக்கி, கணினியும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அப்கிரேடு போதும். புரோகிராம்கள், பாஸ்வேர்டுகள், தமிழ் விசைப்பலகை அமைப்பு எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து சேர்த்த மென்பொருள் தளங்களை மட்டும் உபுண்டு அப்போது நிறுத்தி வைக்கும். பிறகு ஒவ்வொன்றாக இயக்கிக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று படி பாக்கி என்றால் கிளீன் இன்ஸ்டால்தான் சுலபம். அப்டேட் செய்யும்போதெல்லாம் பிழைச் செய்தி காட்டும் கணினிக்கும் இதுவே நல்லது. பழைய கோளாறோடு மாடி ஏறினால் கோளாறும் கூடவே ஏறும்.

'அபவுட்' பகுதியில் 32 பிட் என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். உபுண்டு 20.04-லிருந்து 32 பிட் பதிப்பே கிடையாது. பல கணினிகளில் ப்ராசஸர் 64 பிட்டாக இருந்தும் அன்று 32 பிட் உபுண்டுவைப் போட்டிருப்பார்கள். அவற்றில் 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவலாம்.

போடுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கலாம்

கிளீன் இன்ஸ்டாலில் இன்னொரு வசதியும் உண்டு. 16 ஜிபி பென் டிரைவில் புதிய பதிப்பை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, எதையும் நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கர் பாடுகிறதா, பிரின்டரைக் கண்டுகொள்கிறதா, பழைய கணினி மூச்சு வாங்காமல் தாங்குகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். நேரடியாக அப்கிரேடு செய்பவர்களும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

நிறுவும்போது ஒரு திரையில் மட்டும் விரல் நிதானமாக இருக்க வேண்டும். 'இரேஸ் டிஸ்க்' என்ற தேர்வு அந்த டிஸ்கில் உள்ள அத்தனையையும் அழித்துவிடும். பக்கத்தில் விண்டோஸ் இருந்தால் அதுவும் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத சொத்து

எந்த வழியில் போனாலும் முதல் வேலை பேக்கப். குழந்தையின் முதல் பிறந்தநாள் படமும் தாத்தாவின் குரல் பதிவும் அந்த ஒரு டிஸ்கில் மட்டுமே இருக்கலாம். புதிய உபுண்டுவை எத்தனை முறை வேண்டுமானாலும் டவுன்லோடு செய்யலாம். தாத்தாவின் குரலை எங்கிருந்தும் டவுன்லோடு செய்ய முடியாது.

பலரும் பிக்சர்ஸ், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை மட்டும் காப்பி செய்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவார்கள். லினக்ஸில் புள்ளியோடு பெயர் தொடங்கும் ஃபோல்டர்கள் மறைந்திருக்கும். ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால் அவை வெளியே வரும். பிரௌசர் புக்மார்க்குகள், மெயில் அமைப்புகள், நாமாகச் சேர்த்த எழுத்துருக்கள் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும்.

தமிழ் வீடுகளில் இந்த எழுத்துரு விஷயம் முக்கியம். யூனிகோட் பரவுவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்களும் கட்டுரைகளும் பல கணினிகளில் இன்னும் இருக்கின்றன. எழுத்துருவை விட்டுவிட்டு ஃபைலை மட்டும் எடுத்துவந்தால், புதிய கணினியில் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். ஆகவே ஹோம் ஃபோல்டர் முழுவதையும், மறைந்திருப்பவை உட்பட, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸ் மின்ட் பயன்படுத்துபவர்கள் 'டைம்ஷிப்ட் இருக்கிறதே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அது சிஸ்டம் ஃபைல்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கானது. நாமாக மாற்றாதவரை ஹோம் ஃபோல்டரை அது தொடாது.

அவசரமா?

புதிய பதிப்பு வந்த அன்றே ஓட வேண்டியதில்லை. முதல் திருத்தப் பதிப்பு வெளியான பிறகே பழைய எல்.டி.எஸ்காரர்களுக்கு உபுண்டு அப்கிரேடு அழைப்பு அனுப்புகிறது. ஆதரவு முடிந்த பதிப்பில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் அவகாசம் உண்டு. 'உபுண்டு ப்ரோ'வில் பதிவு செய்தால், சொந்த உபயோகத்துக்கு 5 கணினிகள் வரை கட்டணமில்லாமல், பாதுகாப்புத் திருத்தங்கள் மொத்தம் 10 ஆண்டுகளுக்கு நீளும். ஆனால் திருத்தங்கள் நின்றுபோன கணினியில், ப்ரோவும் இல்லாமல், வங்கிக் கணக்கைத் திறப்பதை மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

தேர்வு நாளிலோ, கணக்கு முடிக்கும் மார்ச் மாதக் கடைசியிலோ இதில் கை வைக்க வேண்டாம். ஒரு விடுமுறை நாளில், லேப்டாப்பை சார்ஜரில் மாட்டிவைத்துவிட்டு நிதானமாகத் தொடங்கலாம். அதற்கு முன்னால், பேக்கப் எடுத்த டிஸ்கை வேறொரு கணினியில் சொருகி நாலைந்து படங்களையும் ஒரு பழைய கடிதத்தையும் திறந்து பாருங்கள். அவை திறந்தால், அப்கிரேடோ கிளீன் இன்ஸ்டாலோ, தைரியமாக ஆரம்பிக்கலாம்.