ஜூலையில் கிளம்பப் போகும் ஸ்டார் பிளேயர்: மார்ச்சிலேயே விற்பதுதான் புத்திசாலித்தனமா?

2018 ஜூலை 1. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-இல், நியூயார்க் ஐலண்டர்ஸ் கேப்டன் ஜான் டவாரெஸ் டொராண்டோ அணியில் கையெழுத்துப் போட்டார். 7 ஆண்டு, 77 மில்லியன் டாலர். 2009-இல் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்து, 9 சீசன் வளர்த்த அணிக்குக் கிடைத்தது? ஒன்றுமில்லை.

2025 மார்ச்சில் அதே ஐலண்டர்ஸ் வேறு முடிவெடுத்தது. அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடியவிருந்த பிராக் நெல்சனை, டிரேடு கெடுவுக்கு முந்தைய நாள் கொலராடோவுக்கு அனுப்பிவிட்டது. பதிலுக்கு வந்ததில் முக்கியமானவை: கேலம் ரிட்சி என்ற 20 வயது வீரர், நிபந்தனையுடன் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் பிக்.

அது என்ன டிராஃப்ட் பிக்?

ஐபிஎல் மாதிரி இங்கே ஏலம் கிடையாது. இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். அந்த ‘முறை’யைத்தான் பிக் என்கிறார்கள், அதைக் கைமாற்றலாம். சீனியர் வீரரின் ஒப்பந்தம் முடிந்தால், ஜூலை 1 முதல் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். பழைய அணிக்கு நஷ்டஈடு கிடையாது. அதனால்தான் மார்ச் கெடு நெருங்கும்போது இத்தனை பதற்றம்.

அப்போ விற்றுவிடலாமே என்றால், பிக் என்பது பணம் போட்ட கவர் அல்ல. நெல்சனே 2010-இல் 30-வது ஆளாக எடுக்கப்பட்டவர். அணியில் நிரந்தர இடம் பிடித்தது 2013-14 சீசனில்தான். அதுவும் நல்லபடியாக முடிந்த கதை! இன்னொரு சிக்கல்: மார்ச்சில் வாங்க வருவது பெரும்பாலும் வலுவான அணிகள். வலுவான அணியின் முறை டிராஃப்ட்டில் கடைசியில்தான் வரும். அதனால் வெறும் பிக்கைவிட, ரிட்சி போல ஓரளவு ஆட்டம் தெரிந்த இளைஞரைக் கேட்டு வாங்குவதே மேல்.

டவாரெஸ் போன பிறகு ஐலண்டர்ஸ் ஒன்றும் மூழ்கிவிடவில்லை என்பதும் உண்மை. அடுத்த சீசனில் 103 புள்ளிகள். பிளேஆஃபில் பிட்ஸ்பர்க்கை 4-0 எனச் சுருட்டியது. ஆனால் அது புதிய பயிற்சியாளர் பாரி டிராட்ஸ் தடுப்பாட்டத்தை இறுக்கியதன் பலன். கேப்டனைச் சும்மா விட்டதற்கு அதில் பங்கில்லை.

எப்போது விற்கக் கூடாது?

கோப்பை எட்டும் தூரத்தில் இருந்தால். நெல்சனை வாங்கிய அதே கொலராடோ, 2025 ஜனவரியில் ஒப்பந்தம் முடியவிருந்த மிக்கோ ரன்டனெனைக் கரோலினாவுக்கு விற்றிருந்தது. அங்கிருந்து அவர் டல்லஸ் போனார். முதல் சுற்றின் 7-வது ஆட்டத்தில் கொலராடோவுக்கு எதிராகக் கடைசிப் பகுதியில் மட்டும் ஹாட்ரிக் அடித்து, பழைய அணியையே வீட்டுக்கு அனுப்பினார். ‘சும்மா இழந்துவிடுவோமோ’ என்ற பயத்தில் விற்றதற்கு இதைவிடக் கசப்பான பலன் இருக்காது.

ஆகவே, நடுவாந்தர அணி ஜனவரியிலேயே வீரரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். கையெழுத்து வரவில்லையா, மார்ச்சில் விற்க வேண்டியதுதான். சீசனின் மிச்ச ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கிய ரசிகருக்கு இது அநியாயம்தான். ஆனால் 2018-இல் ஐலண்டர்ஸ் ரசிகர்களுக்கு பிளேஆஃபும் இல்லை, கேப்டனும் இல்லை.

‘இப்போது விற்று ஜூலையில் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்’ என்று சில ரசிகர்கள் கணக்குப் போடுவதுண்டு. விதி அதற்கு இடம் தருகிறது. நெல்சனோ ஜூலை வரை காத்திருக்கவே இல்லை; ஜூனிலேயே கொலராடோவுடன் மேலும் 3 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்.