பனி நாளுக்கும் கணக்கு வையுங்கள்

கோத்தகிரிப் பக்கத்து உறவுகளுக்கு, வேதாரண்யத்திலிருந்து எழுதுவது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த நான் உப்பளத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் பல வருஷமாகிறது. ஆனாலும் ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும், "அந்த வெயில எப்படித்தான் தாங்குறியோ" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறீர்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி அடித்தது, எழுபது வருஷத்தில் காணாத சூடு என்று பேப்பரெல்லாம் எழுதியது, நீங்களும் புலம்பித் தீர்த்தீர்கள். அந்த 29 டிகிரி இங்கே மார்கழிப் பகலிலேயே அடிக்கும். வெயிலை விடுங்கள். நான் எழுத வந்தது வேலை இல்லாத நாட்களைப் பற்றி.

இங்கே பொழுது விடியுமுன்னே உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். உப்பு நீரில் நின்றபடி பலகையால் உப்பை வாரி வரப்புக்கு இழுக்க வேண்டும். கொழுந்து பறித்து நம் விரல்கள் கறை பிடித்துக் கறுத்துக் கிடக்கும். இவர்களுடைய பாதம் வெடித்து வெளுத்துக் கிடக்கும். எங்கள் மலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போவோம் என்று சொன்னால் என் நாத்தனார் இன்றைக்கும் சிரிப்பாள்.

ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பளம் மூடிக்கொள்ளும். பாத்தியெல்லாம் குளமாகும். வாரிக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடி வைத்துவிட்டு, தைக்குப் பிறகுதான் மறுபடி பாத்தி கட்ட வேண்டும். இது ஊரறிந்த கணக்கு. அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையில்லாக் காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று அரசு கொடுக்கிறது. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்கு இப்போது 8,000 ரூபாய். மூன்று மாதத்தை 5,000 ரூபாயில் ஓட்ட முடியுமா என்றால் முடியாது. மளிகைக் கடைப் பாக்கிக்கே சரியாகப் போகும். ஆனால் "இந்த நாட்களில் இவர்களுக்கு வேலை கிடையாது" என்பது சர்க்கார் காகிதத்தில் ஏறியிருக்கிறது. அதுதான் பெரிது. கேட்டுக் கேட்டு வாங்கினார்கள், இன்னும் கூட்டிக் கேட்கிறார்கள்.

நம் பக்கம் உறைபனியை யார் எழுதி வைத்தோம்? மேகமில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கிறது. விடிந்து வெயில் பட்டதும் இலை வெந்தது மாதிரி கருகிப்போகிறது. மேட்டில் இருக்கும் செடி தப்பிக்கும், பள்ளத்தில் இருப்பது போகும். அரை ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு அந்தப் பள்ளம்தான் மொத்தச் சொத்தாக இருக்கும். மறுபடி கொழுந்து வர வாரக்கணக்காகும். அதுவரை கிலோக் கணக்கில் பறிக்கிற அக்கா தங்கைகளுக்கு வேலை ஏது? மேட்டுப்பாளையத்துக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுவார்கள். வருஷா வருஷம் தேதி வைத்தது போல வருகிற இந்த இழப்புக்குத் தேதி வைத்து வரும் உதவி எதையும் நம் வீடுகளில் யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. "பனிக்காலம்னா அப்படித்தான்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த நம் பெரியவர்களுக்கு வேலை கிடைத்ததே பெரும்பாடு. வேலை இல்லாத நாளுக்குக் கேட்பதா என்ற கூச்சம் அவர்களிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

விலை விஷயத்திலும் இதே கதைதான். கோடியக்கரையில் மீன் கரைக்கு வந்ததும் பிடித்தவன் கண் முன்னாலேயே ஏலம் போகிறது. உப்பு கீற்றுக்கடியில் விலை ஏறும் வரை சில மாதம் பொறுத்திருக்கும். பச்சை இலை பொறுக்குமா? பறித்த அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போகாவிட்டால் சாக்குக்குள் சூடேறிச் சிவந்துவிடும். இலையைக் கொடுத்துவிட்டு விலை என்ன போட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொள்கிற தொழில் நம்முடையது. 2023 செப்டம்பரில் நம் பக்கம் நட்டக்கல்லில் பச்சை இலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது, அந்தக் கோரிக்கையை இங்கே இருக்கிறவர்களுக்குப் புரியவைக்கவே எனக்கு வெகுநேரமானது. "விலை தெரியாம எதுக்குக் குடுக்குறீங்க?" என்று கேட்டார்கள்.

மழைக்கும் வருகிறேன். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. உப்பளம் முழுக்கச் சேறு, தென்னையெல்லாம் சாய்ந்தது, மாதக்கணக்கில் எழ முடியவில்லை. ஆனால் அது வருகிறது என்று ஊருக்கே தெரியும். நாகை துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள், ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். நமக்கு 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. இங்கே வடகிழக்குப் பருவம் முழுக்கப் பெய்வதில் பெரும்பங்கு அது. மண் சரிந்து நாற்பதுக்கு மேல் உயிர் போனது. அந்த மழைக்கு நம் மலையில் கூண்டு எதுவும் ஏறவில்லை. இப்போது மாவட்ட நிர்வாகம் 283 அபாய இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற சரிவு அதில் இருக்கிறதா என்று உங்களில் எத்தனை பேர் போய்க் கேட்டீர்கள்?

அதனால் ஒரு வேலை சொல்கிறேன், அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கார்த்திகையிலிருந்து வீட்டுக்கொரு நோட்டுப் போடுங்கள். பனி விழுந்த தேதி, கருகின தோட்டம் எது, அன்றைக்கு எத்தனை கிலோ இலை கிடைத்தது, எத்தனை பேருக்கு வேலை இல்லை, இவ்வளவு போதும். படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தால் போனிலேயே படமும் எடுத்து வைத்துவிடுவார்கள். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். பனி நடுவில் வருகிற நாள் அது, தோதான நாள். நோட்டுகளை எடுத்துக்கொண்டு பெண்கள் எல்லாரும் போய் உட்காருங்கள். பனிக்கால வேலையிழப்பு நிவாரணம் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள், நகலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். உப்பளத்துக்காரர்கள் தங்கள் மனுவை எப்படி எழுதினார்கள் என்று கேட்டு அதன் நகலை உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்